எட்டரை அடித் தண்ணீர்

இடது கன்னத்தை மழித்து முடித்துவிட்டு, வலது கன்னத்துக்காக முகத்தைத் திருப்பப் பார்த்தாள் ஜெரூஷா. அப்பாவின் கழுத்து இணங்கவில்லை. உயிரோடு இருந்த காலத்திலும் மனிதர் அப்படித்தான், ஒரு பக்கம் பார்த்தால் பார்த்ததுதான். "சரி, நீங்களே ஜெயிச்சுக்கோங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சோப்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனாள்.

நேற்று மதியம் போன உயிர். நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் இழுத்துக்கொண்டு கிடந்தார் ஐஷம். பால்டிமோரில் ஒரு சாப்பாட்டு விடுதியில் சமையல் வேலை பார்க்கும் ஒரே மகளுக்குத் தந்தி போய், அவள் நீராவிப் படகு பிடித்து ஹாலட் கழி என்ற கடலோர ஊருக்கு வந்து சேர்வதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது. அவளுக்குக் கிடைத்தது மூன்றே நாள். பத்து வருஷம் எட்டிப் பார்க்காதவளுக்கு மூன்று நாளே அதிகம் என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னால் தப்பும் இல்லை.

பக்கத்து வீட்டு சில்லா அத்தை விடிந்ததிலிருந்து ஓயவில்லை. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள், கடிகாரத்தை நிறுத்தினாள், ஒரு தட்டில் உப்பைக் கொட்டி இறந்தவர் வயிற்றின்மேல் வைத்தாள். எல்லாம் முடிந்ததும் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று இடுப்பில் கைவைத்தாள். மனசில் உள்ளதைச் சொல்லப்போகிறாள் என்று அர்த்தம்.

"மூப்பர் ஒபதியா வர்றாரு. சிப்பிப் படகைக் கட்டிட்டு இருக்காருன்னு என் சின்னவன் சொன்னான். இந்தா ஜெரூ, நான் சொல்றதைக் காதுல போட்டுக்கோ. உங்கப்பன் சபையில எழுந்து நின்னவரில்ல."

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சா மட்டும் போதுமா? எழுந்து நிக்காதவனைத் தோள்ல தூக்க மாட்டாங்க. கழுதை வண்டிதான். கல்லறை வேலிக்கு அந்தாண்ட முள்ளுக்குள்ள, கடல் கொண்டுவந்து போட்ட பேர் தெரியாத பொணங்களோட போய்ப் படுக்கணும். உங்கம்மா இந்தாண்ட, இவரு அந்தாண்ட. நல்லாவா இருக்கு?"

சீலோ சபையில் அதுதான் முறை. சபையில் சேர விரும்புகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தன் வாழ்க்கையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். என்ன செய்தேன், எது என்னை அழுத்தியது, எப்படிக் கரையேறினேன் என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். சிலர் அழுதுகொண்டே சொல்வார்கள். சிலர் வீட்டில் சோறு தீயும்வரை இழுப்பார்கள். ஜெரூஷாவின் அம்மா மஹாலா நின்று சொன்னாள், ஜெரூஷாவும் பதினாறு வயதில் நின்று, சொல்ல ஒரு பாவமும் கிடைக்காமல் ஜாம் திருடியதைச் சொன்னாள். அப்பா மட்டும் நாற்பது வருஷம் வாசல் நிலையில் சாய்ந்து, கையில் தொப்பியோடு நின்றுவிட்டுக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் நழுவிவிடுவார். "கப்பல்காரன் திமிரு" என்றது ஊர்.

அந்தத் திமிர்ப் பேச்சு பொறுக்காமல்தான் ஜெரூஷா பால்டிமோர் போனாள். வாசலில் நிற்கிற அப்பாவைப் பார்த்து மற்றப் பெண்கள் முழங்கையால் இடித்துக்கொள்வதை எத்தனை ஞாயிறு பார்ப்பது? போகும்போது அவரிடமே கேட்டாள், ஒரே ஒரு நாள் நின்று ஏதாவது சொன்னால் வாய் தேய்ந்தா போகும் என்று. அவர் பதில் சொல்லாமல் அவள் பெட்டியைத் தூக்கிப் படகில் வைத்தார். அதற்குப் பிறகு கடிதம் மட்டும்தான்.

ஜெரூஷா வராத அந்த அடக்கத்தில், அம்மாவைப் புதைத்தபோது அப்பா இரண்டு பேருக்கான இடத்தைச் சுற்றிச் சிப்பி ஓடுகளைப் பதித்து வரம்பு கட்டிவிட்டார். ஒரு பாதி நிறைந்துவிட்டது. இன்னொரு பாதி ஏழு வருஷமாகப் புல் முளைத்துக் கிடக்கிறது. அந்தப் புல்லுக்குள் அவரைக் கொண்டு சேர்க்க வேண்டும், ஜெரூஷாவுக்கு இப்போது உலகத்தில் வேறு கவலை இல்லை. மகளாகச் செய்யத் தவறியதெல்லாம் செய்யத் தவறியதுதான். இதையாவது செய்துவிட வேண்டும்.

"கடைசி வார்த்தைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சில்லா அத்தை கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். பிணத்துக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. "எழுந்து நிக்காதவன் சாகறப்போ சொன்னதை யாராச்சும் காதால கேட்டிருந்தா, அதையே சாட்சியா எடுத்துக்குவாங்க. சிலுவையில தொங்குன கள்ளனுக்கே கடைசி நிமிஷத்துல இடம் கிடைக்கலையா? மூப்பர் வந்து கேப்பாரு. நீ, 'இயேசுவே என்னை ஏத்துக்கோ'ன்னு சொன்னாருன்னு சொல்லிடு. ஒரு வரி. நாக்கா கழண்டு விழப்போகுது?"

"அவர் அப்படிச் சொல்லலையே அத்தை."

"வேற என்ன சொன்னாரு?"

ஜெரூஷா சவரக்கத்தியைத் தண்ணீரில் அலசினாள். "கஞ்சி கேட்டாரு" என்றாள்.

அவர் கஞ்சி கேட்கவில்லை. அவள்தான் கொடுத்தாள்.

நேற்று மதியம், சோளக் கஞ்சியை ஆற்றிக்கொண்டு கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தபோது அவர் கண் திறந்து, "ஜெரூ, தண்ணி இருந்துச்சு" என்றார்.

"எந்தத் தண்ணிப்பா? குடிக்கவா?"

"திட்டு மேல. எட்டரை அடி இருந்துச்சு. நான் ஏழுன்னு கத்துனேன்."

எந்த மணல்திட்டு, எந்த நாள் என்று அவளுக்கு விளங்க ஒரு கணம்கூட ஆகவில்லை. ஹாலட் கழியில் பிறந்த எந்தக் கறுப்புப் பிள்ளையும் அந்தக் கதை கேட்காமல் வளர்ந்ததில்லை. அடிமைகளுக்காக வடக்கும் தெற்கும் மோதிய சண்டைக் காலத்தில், பத்தொன்பது வயது ஐஷம் ஒரு ஓட்டைத் தோணியில் தப்பி ஓடி, வளைகுடாவில் நின்ற வடக்கத்தி பீரங்கிக் கப்பலில் ஏறிவிட்டார். கப்பல் புத்தகத்தில் அவரைப் 'பையன்' என்று எழுதினார்கள், அடிமையாய் இருந்து ஓடிவந்த எல்லோரையும் அப்படித்தான். முதலில் கரி அள்ளினார். பிறகு இந்தக் கழியின் மேடு பள்ளமெல்லாம் அவருக்குத் தெரியும் என்று கண்டு, கப்பல் முனையில் நிறுத்தி ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். கயிற்றை விட்டு ஆழம் பார்த்துக் கத்த வேண்டும். அவர் சொன்ன அளவைக் கேட்டுத்தான் கப்பல் நகரும், கப்பலுக்கு எட்டடித் தண்ணீர் வேண்டும்.

கரையில் ஆண்டையின் உப்புப் பட்டறையை எரிக்கக் கப்பல் வரும் நாளை ஐஷம் ஒரு நண்டுக்காரன் மூலம் முன்கூட்டியே சொல்லியனுப்பினார். பௌர்ணமி கழிந்த விடியற்காலைக் கடல் ஏற்றத்துக்கு வருகிறேன், நாணலுக்குள் காத்திருங்கள், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று. பதினொரு பேர் காத்திருந்தார்கள். ஐஷத்தின் முதல் மனைவி லிடியா அதில் ஒருத்தி. ஒபதியாவும் அவன் அம்மாவும் அக்காவும் மூன்று பேர். கப்பல் வந்தது. திட்டு வரை வந்து, தண்ணீர் ஏழடிதான் என்று முனையிலிருந்து குரல் கேட்டதும் திரும்பிப் போய்விட்டது. மதியத்துக்குள் ஆண்டையின் ஆட்கள் நாய்களோடு வந்து பத்துப் பேரைப் பிடித்து, அன்றைக்கே தெற்கே விற்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியலில் கப்பல் உள்ளே வந்தபோது நாணலுக்குள் மிச்சமிருந்தது எட்டு வயது ஒபதியா மட்டும். அவனைத் தூக்கிக் கப்பலில் போட்டதும் ஐஷம்தான்.

வடமேற்குக் காற்று அடித்தால் வளைகுடாத் தண்ணீர் வற்றித்தான் போகும், அன்றைக்கு அந்தக் காற்று அடித்தது, ஐஷம் என்ன செய்வார், அவர் பெண்டாட்டியும்தானே போனாள் என்று சொல்லி ஊர் ஆறிக்கொண்டது. சண்டை முடிந்து ஆறு வருஷம், லிடியாவையும் ஒபதியாவின் அம்மாவையும் அக்காவையும் தேடி அவர் ஊர் ஊராக எழுதிப் போட்டார். டெக்சஸ் வரைக்கும் சபைகளில் அந்த அறிவிப்பைப் படித்தார்கள். ஒரு பதிலும் வரவில்லை. பிறகுதான் மஹாலாவைக் கட்டினார்.

"ஏம்ப்பா ஏழுன்னீங்க?" என்று ஜெரூஷா நேற்றுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவரே சொன்னார், மூச்சை எண்ணி எண்ணி.

"கப்பல் தரை தட்டிட்டா நகராது, வெளிச்சம் வந்துடும். கரையில துப்பாக்கி. பிடிச்சா, கப்பல்ல இருக்கிற வெள்ளைக்காரனைச் சிறையில போடுவான். என்னை மரத்துல தொங்கவிடுவான். அரை அடிதான் கூட இருந்துச்சு. அரை அடியை நம்பி... பயந்துட்டேன்மா. அடுத்த ஏத்தத்துக்குப் போலாம், ஒரு நாள்தானேன்னு." கொஞ்சம் நிறுத்தி, "ஒபதியாகிட்ட சொல்லணும். என்னைத் தூக்கறதுக்கு முன்னாடி" என்றார்.

நாற்பத்தாறு வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததை ஒரு மனிதர் எடுத்து வெளியே வைக்கிறார். அதற்கு அவர் பெற்ற மகள் சொன்ன பதில் இது: "இப்ப எதுக்குப்பா அதெல்லாம்? கஞ்சி ஆறிப்போகுது, குடிங்க."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். இரண்டு கரண்டி உள்ளே போனது. மூன்றாவது கரண்டி தாடியில் வழிந்தது.

சின்னப் பெண்ணாக அவரோடு சிப்பி அள்ளப் போவாள் ஜெரூஷா. கண்ணைக் கட்டிவிட்டாலும் படகோட்டக்கூடிய கழியில், அந்தத் திட்டின் மேல் வரும்போதெல்லாம் அப்பா குண்டுக் கயிற்றை விட்டுப் பார்ப்பார். "எட்டு", "ஒன்பது", "ஏழே முக்கால்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். "யார்கிட்டப்பா சொல்றீங்க, மீன்கிட்டயா?" என்று அவள் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கிற வயசு வந்தபோது அவள் கோபத்தில் இருந்தாள், சொல்ல அவர் வாய் திறந்தபோது கஞ்சிக் கரண்டியோடு இருந்தாள். நினைக்க நினைக்கத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

ஒபதியா முழங்கால் பூட்ஸைப் படியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஐம்பத்து நாலு வயசு. இரண்டு படகுக்குச் சொந்தக்காரர், சபையில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. பின்னால் பெரிய மகன் மண்வெட்டியோடு முற்றத்தில் நின்றான்.

மூப்பர் கட்டிலருகே போய்க் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"நல்லா மழிச்சிருக்கே."

"கழுத்துத் திரும்பலை மாமா. இந்தப் பக்கம் வந்துதான் மழிச்சேன்."

"திரும்பாது, திரும்பாது. எந்தக் காலத்துல திரும்புச்சு?" என்றார் அவர். நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் மாட்டினார். "முறைன்னு ஒண்ணு இருக்கு, கேக்கணும். கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

அடுப்பங்கரையில் சில்லா அத்தையின் கரண்டிச் சத்தம் நின்றது.

"'இயேசுவே, என்னை ஏத்துக்கோ'ன்னு சொன்னாரு மாமா."

"அப்படியா சொன்னாரு?"

"ஆமாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல மாமா."

ஒபதியா தலையை ஆட்டினார். எழுந்தார். "சரிம்மா, அது போதும்" என்று சொல்லி, ஜன்னல் வழியாக மகனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வேலிக்குள்ளயே வெட்டச் சொல்லுடா. மஹாலா அக்கா பக்கத்துல. தூக்க ஆறு பேருக்கும் சொல்லிவிடு."

முடிந்தது. அவ்வளவுதான். ஒரே வரி, நாக்கு கழன்று விழவில்லை. சில்லா அத்தை அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். ஜெரூஷாவுக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மூப்பரின் முதுகைப் பார்த்துவிட்டாள். வாசலில் குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்த அந்த முதுகு, எதையோ கேட்டுவாங்க வந்து வெறுங்கையோடு திரும்புகிறவனுடையதாக இருந்தது. ஒரு காலை மாட்டியவர் மறு காலை மாட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இப்போது வாயை மூடிக்கொண்டால் அப்பா அம்மா பக்கத்தில் படுப்பார். திறந்தால் முள்ளுக்குள். இதை அவளைவிட நன்றாக யாரும் அறிய மாட்டார்கள். ஆனால் மனிதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அதையும் கஞ்சி ஊற்றி அடைத்தாயிற்று.

"மாமா, நான் சொன்னது பொய்."

"அடிப் பாவி!" என்றாள் சில்லா அத்தை உள்ளேயிருந்து.

ஜெரூஷா படியிறங்கி அவர் எதிரில் வந்து நின்றாள். "அன்னிக்குத் திட்டு மேல தண்ணி இருந்துச்சாம். எட்டரை அடி. பயத்துல ஏழுன்னு சொல்லிட்டாராம். உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. தூக்கறதுக்கு முன்னாடி சொல்லச் சொன்னாரு. இதுதான் கடைசியாச் சொன்னது. இனி நீங்க எங்கே வேணா வெட்டச் சொல்லுங்க."

ஒபதியா அவளைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டரை" என்றார்.

"ஆமாம் மாமா."

"எங்க கணக்குல எட்டுக்கு மேலன்னு மட்டும்தான் தெரியும்." பூட்ஸைக் கீழே வைத்தார். "திட்டு ஓரத்துல ஒரு அடிமரக்கட்டை உண்டு. அது முழுகிட்டா எட்டடிக்கு மேல தண்ணின்னு கழியில எல்லாருக்கும் தெரியும். நாணல்லேர்ந்து பார்த்தா நேரா தெரியும். எங்கம்மா என்னைத் தூக்கிக் காட்டுனா. 'பாருடா, கட்டை முழுகிடுச்சு, ஐஷம் வந்துடுவான்'னு. அப்பதான் கப்பல்லேர்ந்து குரல் வந்துச்சு, ஏழுன்னு. எங்களுக்கெல்லாம் கேட்டுச்சு. லிடியா அக்காவுக்கும்தான்."

ஜெரூஷா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா என்ன சொன்னா தெரியுமா? 'தப்பாப் பார்த்துட்டான். திரும்ப ஈயக்குண்டை விட்டுப் பார்ப்பான், இரு'ன்னா. கப்பல் கண்ணு மறையற வரைக்கும் அதையே சொன்னா, திரும்பப் பார்ப்பான், இரு, இருன்னு."

கோழி ஒன்று பூட்ஸைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

"அப்ப உங்களுக்கு இத்தனை வருஷமும் தெரியும்."

"பின்னே தெரியாம? எனக்கு விளக்கம் ஒண்ணும் வேண்டாம்மா. பயந்தாரு. நானா இருந்தாலும் பயந்திருப்பேன். பத்தொன்பது வயசு, கழுத்துக்கு மேல கயிறு தொங்குது. ஆனா என்கிட்ட வந்து அதைச் சொல்லக்கூடாதா?" அவர் குரல் சட்டென்று உயர்ந்தது. முற்றத்தில் மகன் திரும்பிப் பார்த்தான். "ஊர்ல இருக்கிற மேடு பள்ளமெல்லாம் தெரியும், வளைகுடா பூரா வழி தெரியும். எங்க வீட்டு வாசலுக்கு மட்டும் வழி தெரியலையா? இங்கேயிருந்து கால் மைல்! கப்பலுக்கு வழி காட்டுன பைலட்டாம் பைலட்டு! ஒரு நாள் வந்து சொல்லியிருந்தா, நாலு வார்த்தை திட்டியிருப்பேன், ரெண்டு அடிகூட அடிச்சிருப்பேன். அடுத்த நாள் சேர்ந்து சிப்பிக்குப் போயிருப்போம்."

"நீங்களாச்சும் கேட்டிருக்கலாமே மாமா" என்றாள் ஜெரூஷா. சொன்ன பிறகுதான், யார் யாரிடம் கேட்கிற கேள்வி இது என்று அவளுக்கு உறைத்தது.

ஒபதியா கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்டிருக்கலாம்" என்றார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை முன் வரிசையில உக்காந்துகிட்டு வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். இன்னிக்கு எழுந்து வருவாரு, இன்னிக்கு வருவாருன்னு. 'எனக்குத் தெரியும் அண்ணே, உள்ளே வாங்க'ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? சொல்லலை. அம்மாவைத் திருப்பித் தர முடியாதில்ல, வார்த்தையையாவது அவரே கொண்டாந்து தரட்டும்னு ஒரு வீம்பு. என்னைக் கப்பல்ல தூக்கிப் போட்டவரும் அவர்தான். அந்தக் கையையும் நான் மறக்கலை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துகிட்டே கிழவனாயிட்டோம்."

அவர் இரண்டாவது பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஜெரூஷா கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"எங்கே வெட்டச் சொல்றீங்க?"

"மன்னிச்சேன்னு நான் சொல்லலை. அதுக்கு அவரு உயிரோட வந்திருக்கணும். ஆனா சாட்சின்னா இதுதான் சாட்சி. 'இயேசுவே ஏத்துக்கோ'ன்னு எந்தக் கள்ளனும் சொல்லுவான்." சில்லா அத்தை இருந்த திசையைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். "எனக்கு மட்டும் சொன்னா ஆகாது. நாணல்ல நின்னது நான் மட்டும் இல்ல. சவப்பெட்டி கோயிலுக்கு வரட்டும். அவருக்குப் பதிலா நீ எழுந்து நில்லு. எல்லாரும் கேட்ட பிறகும் தூக்க ஆறு பேர் நின்னாங்கன்னா உள்ளே. நிக்கலைன்னா வெளியே. என்னால ஆனது அவ்வளவுதான்."

மதியம் பெட்டியை வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய், முன்னால் இரண்டு நாற்காலிகளின் மேல் வைத்தார்கள். போர்ச் சேவகரின் பெட்டி என்று யாரோ ஒரு கொடியைக் கொண்டுவந்து மடித்து வைத்திருந்தார்கள். ஜெரூஷா எழுந்து நின்றாள். பால்டிமோரில் அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் சமைக்கிறவள், முப்பது பேர் முன்னால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். எட்டரை என்று சொன்னாள், ஏழு என்று சொன்னாள், பயம் என்று சொன்னாள். அப்பா சொன்னபோது தான் கஞ்சி குடிக்கச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். அதை யாரும் கேட்கவில்லை, ஆனால் அதையும் சொல்லாமல் உட்கார முடியவில்லை.

யாரும் 'ஆமென்' சொல்லவில்லை. முதல் வரிசையில் இருந்த டைனா கிழவி ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். அவள் தங்கை அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி. பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் நடுவழியே நடந்து வெளியே போனாள். தூக்க வந்திருந்த ஆறு பேரில் ஒருவன் அவள் மகன் எப்ராயீம். அவன் பெட்டி தூக்க மாட்டியிருந்த வெள்ளைக் கையுறைகளைக் கழற்றி, பெஞ்சின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, அம்மாவின் பின்னால் போனான். அவன் முகத்தில் கோபம் இல்லை. போக வேண்டியிருந்தது, போனான்.

மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிப் பக்கம் நகரவில்லை. வெளியே போகவும் இல்லை.

ஐந்து பேர் பெட்டி தூக்க முடியாது. ஜெரூஷா ஜன்னல் வழியே வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளைப் பார்த்துத் தயாரானாள். யாரையும் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. டைனா கிழவியின் பின்னாலேயே ஓடி அவள் காலைப் பிடிக்கலாம்போல்தான் இருந்தது.

மூப்பர் பெஞ்சருகே போனார். கையுறைகளை எடுத்தார். எப்ராயீமின் கை பெரிய கை. விரல் நுனியெல்லாம் தொளதொளவென்று தொங்க மாட்டிக்கொண்டு, கால்மாட்டில் இடது மூலையில் போய் நின்றார்.

"தூக்குங்கடா" என்றார்.

தூக்கினார்கள். மற்ற ஐந்து பேரும் இளவட்டங்கள், பனைமரம் மாதிரி வளர்ந்தவர்கள். ஒபதியா குள்ளம். பெட்டி அவர் மூலையில் சரிந்தது. உள்ளே எதுவோ மெல்ல நகரும் சத்தம் கேட்டது. அவர் குதிகாலை உயர்த்திப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு எம்பினார்.

"வேற யாராச்சும் மாத்திக்கட்டுமாப்பா?" என்றான் முன்னால் நின்ற அவர் மகன், திரும்ப முடியாமல்.

"வேணாம். அப்படியே நில்லுங்க."

ஜெரூஷா தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி நாலாக மடித்தாள். பெட்டியின் விளிம்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் சால்வையை அவர் தோளுக்கும் பலகைக்கும் நடுவில் செருகினாள். போதவில்லை. வெளியே எடுத்து எட்டாக மடித்துத் திரும்ப வைத்தாள்.

"இப்ப?" என்றாள்.

ஒபதியா தலையைச் சாய்த்துப் பெட்டியின் மட்டத்தைப் பார்த்தார். "இப்பச் சரி" என்றார்.

வெளியே காற்று சில்லென்று அடித்தது. சால்வை இல்லாத தோள்களைக் கைகளால் கட்டிக்கொண்டு, அவர்கள் எடுத்து வைத்த அடிக்கு அடி வைத்து அவள் பின்னால் நடந்தாள்.